மிராசு ஏன் சாப்பிட்டான்?

மிராசு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மானசாவுக்கு அதுதான் உறுத்தியது.

முந்தின நாள் வெள்ளிக்கிழமைதான் ஊசி போட்டிருந்தாள். கூண்டின் மேல்தட்டில் ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். வேகவைத்த கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தோலை உரித்துக் கீழே எறிந்து, பருப்பை மட்டும் வாயில் போட்டான். கல்யாண வீட்டு முதல் பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி மாதிரி அப்படியொரு நிதானம்.

"பாருங்க டாக்டரம்மா, எப்படி வெளுத்துக் கட்டறான்னு," என்றார் அப்துல் முத்தலிப். குரங்கு அறைகளுக்கெல்லாம் அவர்தான் சூப்பர்வைசர். "ஆவணி பூரா செவுத்தப் பார்த்துட்டு உக்காந்திருந்தவனுங்க இவன்."

"அதைத்தான் பாய் நானும் பார்க்கறேன்."

அப்துல் சிரித்தார். சிரித்த கையோடு எதற்கோ பயந்தவர் போல மருந்து அறை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். மானசா அதையும் கவனித்தாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு மேற்கே திரும்பி, பம்ப் பட்டறைகளையும் ஃபவுண்டரிகளையும் தாண்டிப் போனால், மலையடிவாரத்தில் உயரமான காம்பவுண்டுச் சுவர் வரும். பங்காரு லைஃப் ஆராய்ச்சி மையம். சுவருக்கு வெளியே நாட்டுக் குரங்குகள் புளியமரத்தில் குதியாட்டம் போடும். உள்ளே வடநாட்டுச் சாதிக் குரங்குகள் கூண்டில் இருக்கும். மனிதனுக்கு ஒரு புது மருந்தைக் கொடுப்பதற்கு முன்னால் அது உடம்பை என்ன செய்கிறது என்று இவற்றுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். மானசா அங்கே கால்நடை மருத்துவர். குரங்குக்கு ஊசி போடுவதும் அவள்தான், போட்ட பிறகு அதற்கு என்ன ஆகிறது என்று பார்த்துச் சொல்வதும் அவள்தான்.

இப்போது நடப்பது மூட்டுவலி ஊசி. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கூட்டத்துக்கு வெறும் உப்புத் தண்ணீர், ஒரு கூட்டத்துக்குக் கொஞ்சம் மருந்து, ஒரு கூட்டத்துக்கு நிறைய மருந்து. மிராசு நிறைய மருந்துக் கூட்டம். கம்ப்யூட்டரில் அவனுக்கு நம்பர்தான். உட்காரும் தோரணையைப் பார்த்துப் பேர் வைத்தது அப்துல்.

ஆகஸ்டில் ஆரம்பித்தபோது நிலைமை வேறு. வெள்ளிக்கிழமை ஊசி போட்டால், சனிக்கிழமை மிராசின் அறையில் ஒருவனும் சாப்பாட்டைத் தொடமாட்டான். வாந்தி எடுப்பான். ரத்தத்தைச் சோதித்தால் கல்லீரல் அடி வாங்கிக்கொண்டிருப்பது பளிச்சென்று தெரிந்தது. இந்த மருந்து தேறாது என்று மானசா முடிவே கட்டியிருந்தாள்.

பூஜை விடுமுறை முடிந்து அக்டோபரில் வந்தால் எல்லாம் தலைகீழ். ஒருவனுக்கும் வாந்தி இல்லை. ரத்தம் சுத்தம். தட்டுகள் காலி.

கம்பெனியே கேசரி கிண்டிக் கொண்டாடியது. மானசாவுக்கு மட்டும் அந்தக் கேசரி இறங்கவில்லை. விஷம் ஒரே வாரத்தில் அமுதமாக மாறுமா? ஊசிக்குள் இருப்பது மருந்துதானா?

"உடம்பு பழகிடுச்சு மானசா. மனுஷனுக்கும் அப்படித்தான், புது மாத்திரை மொதல்ல ஒத்துக்காது, பொறவு ஒத்துக்கும்," என்றான் சசிதர், அன்று மத்தியானம் அவள் அறைக்கு வந்து. ஆராய்ச்சிக்குத் தலைவன் அவன். முதலாளி பங்காரு நாயுடுவின் மாப்பிள்ளை. வெளிநாட்டில் படித்தவன். "நீங்க குரங்கு சாப்பிடலைன்னாலும் சந்தேகப்படறீங்க, சாப்பிட்டாலும் சந்தேகப்படறீங்க. உங்களை வெச்சுக்கிட்டு அது என்னதான் பண்ணும்?"

"கல்லீரல் அப்படிப் பழகாது சார்."

"பழகியிருக்கே!" என்று சிரித்தான். "அடுத்த வெள்ளி கடைசி ஊசி. சனிக்கிழமை நீங்க 'பாதகமில்லை'ன்னு கையெழுத்துப் போட்டுடுங்க. டெல்லி அனுமதி கையில இருக்கு, உங்க கையெழுத்து சேர்ந்தாத்தான் அது செல்லும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில மனுஷங்களுக்கு முதல் ஊசி. மாமா நல்ல நேரம் கூடப் பார்த்துட்டார்."

சொல்லிவிட்டுப் போனவன் நேராக வெளியே போகவில்லை. தாழ்வாரத்தில் அப்துலை நிறுத்தி, காதோடு காதாக எதையோ சொன்னான். அப்துல் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணாடிக் கதவு வழியாக மானசா பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டு வீட்டில் தம்பி வம்சி குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அக்கா, திங்கட்கிழமையிலேர்ந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில தங்கப் போறேன்," என்றான், தோசையைப் பிய்த்துக்கொண்டே.

"ஏன்டா, உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாருக்கு, அதான் எடுத்தாங்க. மருந்து டெஸ்டுக்கு ஆரோக்கியமான ஆளுங்க வேணுமாம், காசும் தர்றாங்க. மூட்டுவலி ஊசி."

மானசாவின் கையிலிருந்த சட்னிக் கரண்டி அப்படியே நின்றது. ஐ.டி. கம்பெனி வம்சியை வீட்டுக்கு அனுப்பி நாலு மாதம் ஆகிறது. எதையாவது செய்யத் துடித்துக்கொண்டிருந்தான் என்று தெரியும். இதைச் செய்வான் என்று தெரியாது.

"யாரைக் கேட்டுப் போனே?"

"உன்னைக் கேட்டா வேண்டாம்பே. அக்கா அங்கே வேலை பார்க்கறான்னு ஆஸ்பத்திரியிலயும் சொல்லலை, சொன்னா எடுக்க மாட்டாங்களாம். எதுக்கு முழிக்கறே? நீயே குரங்குக்குப் போட்டுப் பார்த்த மருந்து. உன்னை விட எனக்கு யாரு கேரண்டி?"

"போகாதே வம்சி."

"ஏன்? மருந்து மோசமா?"

"தெரியலை."

"தெரியலையா? அப்ப நீ கையெழுத்துப் போடாதே. நீ போடற கையெழுத்தை நம்பி ஊரான் வீட்டுப் பசங்க போகலாம், உன் தம்பி மட்டும் போகக் கூடாதா? நல்லா இருக்குதுக்கா உன் நாயம்!"

அவன் கை கழுவப் போய்விட்டான். சனிக்கிழமைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஊசிக்குள் என்ன இருக்கிறது? யார் மாற்றினார்கள்?

மாற்றியிருக்கக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். மருந்து அறைச் சாவி அவளைத் தவிர அவர்கள் இருவரிடம்தான் உண்டு.

சசிதருக்குக் காரணம் இருந்தது. மருந்து ஜெயித்தால் அவன்தான் ராஜா. அப்துலுக்கும் காரணம் இருந்தது. குரங்குகள் அவருக்குப் பிள்ளைகள் மாதிரி. மிராசு வாந்தி எடுத்த சனிக்கிழமைகளில் அவர் மதியச் சோற்றைக் கையால் அளைந்துவிட்டு எழுந்து போனதை அவளே பார்த்திருக்கிறாள். மருந்தைக் கொட்டிவிட்டுக் குப்பியில் உப்புத் தண்ணீரை நிரப்பி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

திங்கட்கிழமை காலையில் சீக்கிரமே வந்து, விளக்கைப் போடாமல் தன் அறையில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் மருந்து அறையில் எந்த வேலையும் இல்லாத அப்துல், தோளில் துண்டோடு வந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கதவைத் திறந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே போனார்.

'பாய், நீங்களா?' என்று மனசு அடித்துக்கொண்டது. வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் சட்டையைப் பிடிக்க முடியாது. அவர் நகர்ந்ததும் உள்ளே போனாள். வெள்ளிக்கிழமை ஊசி போட்டு மிச்சமிருந்த குப்பி, குளிர்பெட்டியின் ஓரத் தட்டில் இருந்தது. அதிலிருந்து சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சிச் சின்னக் குழாயில் அடைத்தாள். குழாய், ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்குக்குள் போனது. ஃபிளாஸ்க், சாப்பாட்டுப் பைக்குள் போனது.

மத்தியானம் கேட்டில் செக்யூரிட்டி தம்பிதுரை கையை நீட்டினார். உள்ளேயிருந்து ஒரு பஞ்சு போனால்கூடப் பையைப் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு.

"ஏனுங் டாக்டர், பாதி நாள்லயே கெளம்பிப்போட்டீங்க? ஃபிளாஸ்க்குல என்னதுங்க?"

"மோருங்க."

"அட! ஒரு மொடக்கு ஊத்துங்க. காத்தால இருந்து தொண்டை வறண்டு கெடக்குது."

"புளிச்சுப்போச்சுங்க அண்ணா."

"புளிச்ச மோருதானுங் நல்லாருக்கும்!" தம்பிதுரை மூடியில் கையை வைத்தே விட்டார்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஹாரன் அலறியது. முதலாளியின் கார்! தம்பிதுரை ஃபிளாஸ்க்கை அவள் கையில் திணித்துவிட்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டு கேட்டைத் திறக்க ஓடினார். காருக்குள்ளிருந்து பங்காரு நாயுடு அவளைப் பார்த்துக் கையசைத்தார். மானசாவும் கையசைத்தாள். ஃபிளாஸ்க்கைப் பைக்குள் தள்ளிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

பீளமேட்டில் ஒரு பார்மஸி காலேஜில் அவள் சிநேகிதி பிரத்யுஷா பாடம் எடுக்கிறாள். மருந்தைப் பிரித்துப் பார்க்கும் மெஷின் அவள் பொறுப்பில் இருந்தது.

"எங்கேயிருந்து சுட்டே?" என்றாள் பிரத்யுஷா.

"கேட்காதே. சலைனான்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

"மாட்டினா ரெண்டு பேரும் சேர்ந்து டீக்கடை போடலாம். நீ பால் காய்ச்சு, நான் கிளாஸ் கழுவறேன்," என்று சொல்லிக் குழாயை வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"மானு, சலைன் இல்லைடி. மருந்தேதான்."

மானசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் யாரும் எதையும் மாற்றவில்லையா? மிராசுக்கு உண்மையாகவே பழகிவிட்டதா?

"இரு, முழுசாக் கேளு. மருந்துதான், ஆனா செத்த மருந்து. நல்ல மருந்தா இருந்தா ஸ்கிரீன்ல கோபுரம் மாதிரி ஒரே ஒரு கோடு நெட்டுக்கு நிக்கணும். இதுல கோபுரம் இடிஞ்சு கல்லு கல்லாக் கெடக்குது. இது சூட்டுல உடையற சாதி. குளிர்லயே இருக்க வேண்டியது, வெளியே கெடந்திருக்குது. குறைஞ்சது ஒரு ராத்திரி."

"எங்க குளிர்பெட்டி நின்னதே இல்லையே பிரத்யு. கரண்டு போனா ஜெனரேட்டர் இருக்கு. பெட்டி சூடானா அலாரம் அடிக்கும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு நாள் நின்னிருக்குது. என்னைக்குன்னு நீதான் யோசிக்கணும்."

என்றைக்கு? மிராசு தட்டைக் காலி செய்ய ஆரம்பித்தது பூஜை விடுமுறை முடிந்த வெள்ளிக்கிழமை.

போனைப் பிடித்தபடியே மானசா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கோயமுத்தூரில் தீபாவளியைக்கூட விட்டுவிடுவார்கள், ஆயுத பூஜையை விட மாட்டார்கள். லேத் பட்டறையிலிருந்து லாரி ஸ்டாண்டு வரைக்கும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துப் பொரி கடலை கொடுத்தால்தான் வருஷம் ஓடும். பங்காரு நாயுடு பம்ப்செட் பரம்பரை. அவர் அப்பாவின் ஃபவுண்டரியில் ஒரு வழக்கம் இருந்தது. சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து முடித்ததும், முதலாளி தன் கையால் மெயின் சுவிட்சை இறக்குவார். 'வருஷம் பூரா நமக்காக ஓடுனது, ஒரு ராத்திரி தூங்கட்டும்' என்பார். மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து அவர்தான் ஏற்றுவார். நடுவில் வேறு ஒருத்தன் கை படக் கூடாது. ஃபவுண்டரிக்கு அது பொருத்தம்தான். பழக்கதோஷத்தில் ஆராய்ச்சி மையத்திலும் அதையே செய்தார்கள். குரங்கு அறைகளுக்குத் தனி லைன், அதைத் தொட மாட்டார்கள். மருந்துப் பெட்டியும் அந்த லைனில்தான் இருந்தது.

செப்டம்பர் வரைக்கும்.

செப்டம்பரில் மருந்து அறையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அதற்கு வேறு லைன். அலாரத்துக்கும் அதே லைன். முதலாளி கை மெயினை இறக்கியபோது, பெட்டியோடு சேர்ந்து அலாரமும் தூங்கியிருக்கிறது. கரண்டு போகாததால் ஜெனரேட்டரும் எழவில்லை.

எல்லாவற்றையும் விட மோசமான ஒன்று இருந்தது. அன்று மதியம் அந்தப் பெட்டியைத் துடைத்து, கதவில் சந்தனம் குங்குமம் வைத்ததே மானசாதான். வைத்துவிட்டு, பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை குரங்குகளின் சமையல் அறையில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்த அப்துலின் எதிரில் போய் நின்றாள்.

"பாய், விஜயதசமி அன்னிக்கு டூட்டி யாரு?"

கத்தி நின்றது. "நான்தானுங்க. அவங்க பண்டிகைக்கு நான் பார்த்துக்குவேன், பக்ரீத்துக்கு அவங்க பார்த்துக்குவாங்க. எப்பவும் அப்படித்தானுங்களே."

"மருந்து ரூம் எப்படி இருந்துச்சு?"

அப்துல் கேரட்டை ஒதுக்கிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இருட்டா இருந்துச்சுங்க. பொட்டி சத்தமே இல்லை. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுன்னு இருந்துச்சு. சசிதர் சாருக்குப் போன் பண்ணினேன். வந்தார். பார்த்தார். மூஞ்சி செத்துப்போச்சு அவருக்கு. 'மெயினை ஏத்திப்புடலாங்களா சார்'னேன். 'மாமா வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது'ன்னார். மத்தியானம் முதலாளி வந்து ஏத்தினார். 'இதை யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க பாய், மருந்துக்கு ஒண்ணும் ஆகாது'ன்னு சசிதர் சார் சொல்லிப்போட்டார். படிச்சவர் சொல்றார், சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன். ஆனா பயம் போகலைங்க. தெனமும் போயி பொட்டி ஓடுதான்னு தொட்டுப் பார்த்துட்டு வாரேன்."

மானசாவுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதனையா சந்தேகப்பட்டோம்?

"முதலாளிகிட்ட வந்து சொல்லுவீங்களா?"

"சொன்னா வேலை போயிரும்ங்க." கத்தியைக் கழுவி வைத்தார். "நடங்க, வாரேன்."

பங்காரு நாயுடு எல்லாவற்றையும் கடைசி வரை கேட்டார். எதிரில் சசிதர் நின்றான்.

"நெசமா மாப்பிள்ளை?"

"மாமா, பெட்டி கொஞ்ச நேரம்தான் நின்னிருக்கும்..."

"நான் கேட்டது அது இல்லை. தெரிஞ்சும் கம்முனு இருந்தீங்களா?"

"உங்க பூஜையால மருந்து கெட்டுதுன்னு நான் எப்படி மாமா உங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்றது?" என்று வெடித்தான் சசிதர். "சொல்லியிருந்தா இந்த வீட்டுல எனக்கு என்ன மரியாதை இருக்கும்? குரங்கு நல்லாத்தானே இருக்கு, மருந்து தாங்கிடுச்சுன்னுதான் நானும் நெனைச்சேன். இன்னும் சொல்லட்டுமா? இவங்க தம்பி வம்சி திங்கட்கிழமை லிஸ்ட்ல இருக்கான். விலாசத்தை வெச்சு நேத்துதான் கண்டுபிடிச்சேன். தம்பியைக் காப்பாத்தறதுக்கு இவங்க கதை கட்டலைன்னு என்ன நிச்சயம்?"

பங்காரு நாயுடுவின் பார்வை மெதுவாக மானசாவின் பக்கம் திரும்பியது. இதுவரை இல்லாத ஒன்று அந்தப் பார்வையில் வந்திருந்தது.

"தம்பி இருக்கறானா கண்ணு?"

"இருக்கறானுங்க."

"மருந்தைத் திருடி வெளியே கொண்டு போயிருக்கறே. தம்பி பேரை மறைச்சிருக்கறே. நான் சாமிக்குச் செஞ்சது தப்பாப் போச்சுங்கறே. நான் உன்னை எதுக்கு நம்போணும்?"

"என்னை நம்ப வேண்டாங்கய்யா. மிராசை நம்புங்க," என்றாள் மானசா. "நாளைக்குக் கடைசி ஊசி. எப்படியும் போட வேண்டியதுதான். அதை நம்ம பெட்டியில இருக்கற குப்பியிலேர்ந்து போட வேண்டாம். திங்கட்கிழமை மனுஷங்களுக்குப் போடறதுக்கு ஆஸ்பத்திரியில வெச்சிருக்கற புதுக் குப்பி ஒண்ணு வரவழைங்க. அதைப் போடறேன். நான் சொல்றது பொய்யா இருந்தா சனிக்கிழமை அவன் கடலை தின்னுட்டு உட்கார்ந்திருப்பான். நானும் கையெழுத்துப் போட்டுடறேன்."

"பொய்யில்லைன்னா?"

அப்துல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை புதுக் குப்பி வந்தது. பங்காரு நாயுடுவே முகக்கவசமும் நீல அங்கியும் மாட்டிக்கொண்டு கூண்டு அறைக்குள் வந்து நின்றார். எத்தனையோ கோடி கொட்டிக் கட்டிய அறைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

மிராசு வழக்கம்போலத் தொடையைக் கம்பியோரம் காட்டினான். பழகியிருந்தான். ஒன்றரை மாதமாக அவனுக்கு இந்த ஊசி ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஒரு பிடி கடலை வரும், அவ்வளவுதான். மானசா மருந்தை ஏற்றினாள். ஒருத்தனைக் காப்பாற்ற இன்னொருத்தனுக்குத் தெரிந்தே விஷத்தைக் கொடுக்கிறோம் என்று மனசு சொன்னது. கை நிற்கவில்லை.

மிராசு கடலையை வாங்கிக்கொண்டான். தின்றான்.

"திங்கறானே?" என்றார் பங்காரு நாயுடு.

"சாயங்காலம் வரைக்கும் திம்பானுங்க."

சனிக்கிழமை காலையில் அவர்கள் போனபோது தட்டு அப்படியே இருந்தது. மேல்தட்டு காலி. கீழே மூலையில், சுவரைப் பார்த்தபடி, இரண்டு கைகளாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டு மிராசு குறுகிக் கிடந்தான். தரையில் வாந்தி. அந்த அறையிலிருந்த மற்றவர்கள் பழைய குப்பியின் செத்த மருந்தைப் போட்டுக்கொண்டவர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீச்சுக் கீச்சென்று சாப்பாட்டுக்குச் சத்தம் போட்டார்கள். இவன் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் ரத்த முடிவு வந்தது. ஆகஸ்டில் பார்த்ததை விட மோசம்.

பங்காரு நாயுடு பேப்பரைப் படிக்கவில்லை. மிராசின் கூண்டுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். கடைசியில் செல்லை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அவரே பேசினார்.

"திங்கட்கிழமை வேண்டாம். ஆமாம், எல்லாத்தையும் நிறுத்திப்போடுங்க. ஒருத்தருக்கும் போடக் கூடாது. குப்பி அத்தனையும் திரும்பி வரணும்."

செல்லை வைத்துவிட்டு, மானசாவை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"டெல்லிக்கு எழுதறப்ப, கரண்டு போச்சுன்னு எழுதிக்கலாமா அம்மணி?"

"அன்னிக்குக் கரண்டு போகலைங்கய்யா."

"அது எனக்குந் தெரியும்." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எத்தனை வருஷமா இறக்கற சுவிட்சு! ஒரு தடவை கூடத் தோணலை பாரு. சரி, எம் பேரையே எழுது. மாப்பிள்ளை தெரிஞ்சும் மறைச்சார்னும் எழுது. நீ திருடினதையும் தம்பி பேரையும் விட்டுப்போடாதே. எழுதினா எல்லாத்தையும் எழுதோணும்."

"எழுதறேனுங்க."

"வேலைய விட்டு உன்னை எடுப்பாங்களோ, என்னை எடுப்பாங்களோ, பார்ப்போம்," என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "இவன் பொழைச்சுக்குவானா?" என்றார்.

"முயற்சி பண்றேனுங்க."

அவர் போன பின்னால் மானசாவின் செல் அடித்தது. வம்சி. "அக்கா, டெஸ்ட்டை நிறுத்திட்டாங்களாம்! நீதானே? எனக்குத் தெரியும், நீதான். இனி என்னை என்னதான் பண்ணச் சொல்றே?" என்று கத்தினான். வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்று கட் செய்தாள்.

கல்லீரலைத் தேற்றும் மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு கூண்டை நெருங்கினாள். சத்தம் கேட்டு மிராசு முதல் தடவையாகத் தலையைத் திருப்பினான். சிரிஞ்சைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எழுந்திருக்கத் தெம்பில்லை. அப்படியே பின்னால் நகர்ந்து, மூலையோடு மூலையாக ஒட்டிக்கொண்டு, உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டினான். தொடையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"உங்களை நம்ப மாட்டேங்கறான் டாக்டரம்மா," என்றார் அப்துல்.

"நம்ப மாட்டான் பாய். உள்ளே போய் அழுத்தாமப் பிடிச்சுக்கங்க."

அப்துல் கையுறையை மாட்டிக்கொண்டு கூண்டின் தாழ்ப்பாளை நீக்கினார்.